ஏழு புள்ளி நாலு

"ஏழு புள்ளி நாலு. எறங்கு மதி" என்றார் என் வீட்டுக்காரர், சோதனைக் குழாயை வானத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு.

குழாயில் இருந்த தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. பி.எச். ஏழு புள்ளி நாலு என்றால் சிவப்புக்குப் பக்கத்தில் போகிற ஆரஞ்சு வர வேண்டும். மஞ்சள் வந்தால் தண்ணீர் புளித்திருக்கிறது, அமிலம் அதிகம், கண்ணையும் தோலையும் அரிக்கும் என்று அர்த்தம். படியில் கால் வைத்து நின்ற எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. விரலுக்கு நடுவில் பிடித்திருந்த அவருக்குத் தெரியவில்லை. சளி என்றும் தலைவலி என்றும் அந்த வாரத்தில் ஏற்கெனவே இரண்டு நாள் நிஜமாகவே இறங்கவில்லை. மூன்றாவது நாளும் சாக்குச் சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். "சரிங்க" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

நீச்சல் குளம் என்றதும் ஏதோ பங்களா என்று நினைத்துவிட வேண்டாம். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருபதடிக்குப் பன்னிரண்டடி, ஆழம் நாலரை அடி. இரண்டு எருமை இறங்கினால் மூன்றாவதற்கு இடமிருக்காது. எனக்கு நீச்சலும் தெரியாது. முட்டி இரண்டும் தேய்ந்து போய், கழிவறைக்கு நடக்கக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், தண்ணீருக்குள் நடந்தால் வலி தெரியாது என்று டாக்டர் சொன்னார். மறு மாதமே இவர் குழி வெட்ட ஆள் கூட்டி வந்துவிட்டார். நீச்சல் தெரியாதவளுக்கு நீச்சல் குளமா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்யாத விசேஷம் இல்லை. செய்துவிட்டுப் போகட்டும். ஒரு நாளில் அந்த அரை மணி நேரம்தான் நான் முப்பது வயதுக்காரி மாதிரி நடக்கிறேன்.

தண்ணீரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வேறு யாரையும் விடமாட்டார். பெருந்துறையில் முப்பது வருடம் சாயப்பட்டறை நடத்தியவர். திருப்பூரில் பெரிய பெரிய ஏற்றுமதிக்காரர்கள்கூட, "அரங்கசாமி அண்ணன் பாத்துட்டாரா? அப்பச் சரி" என்றுதான் துணியை வாங்கிக்கொள்வார்கள். ஒரே நிறம் என்று மெஷின் காட்டிய இரண்டு துணியை இவர் வேறு வேறு என்று திருப்பி அனுப்பியதும், கடைசியில் மெஷின்தான் பழுது என்று ஆனதும் எங்கள் வீட்டில் சலிக்கச் சலிக்கச் சொல்லப்படும் கதை. பட்டறையைக் கைமாற்றிவிட்டு வந்த பிறகு அந்தக் கண்ணுக்கு மிஞ்சிய ஒரே வேலை இந்தக் குளம். ஐந்து சொட்டு மருந்து, ஒரு குழாய், ஒரு நிறம்.

போன வருடம் அவருக்கு டிபி வந்தது. மாத்திரை கொடுத்த டாக்டர் முதல் நாளே சொன்னார், இதில் ஒரு மாத்திரை சிலருக்குக் கண்ணில் நிறத்தைக் கெடுக்கும், கொஞ்சம் மங்கினாலும் உடனே சொல்லுங்கள், நிறுத்திவிடலாம் என்று. ஒவ்வொரு மாதமும் மறக்காமல் கேட்கவும் கேட்டார். ஒவ்வொரு மாதமும் இவர் சிரித்தார். "ஏனுங்க டாக்டர், என்னையப் போயி நெறம் தெரியுதான்னு கேக்கறீங்களே. அதுதானுங்களே எனக்கு முப்பது வருசமாச் சோறு போட்டது." டாக்டரும் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்தேன்.

எனக்குத் தெரிந்தது ஒரு கல்யாணத்துக்கு முன்னால். என் அரக்குச் சேலைக்கு ஜாக்கெட் துணி எடுத்து வருகிறேன் என்று, எப்போதும் போல நிறம் ஒத்துப்பார்க்கச் சேலையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனார். கரும்பச்சையில் எடுத்து வந்தார். கையில் கொடுத்து, "ஒரு நூல் வித்தியாசம் கண்டுபுடி பாக்கலாம்" என்றார். நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். "அப்படியே இருக்குதுங்க" என்றேன். அதையே தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். பச்சை பார்டர் சேலை என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அவருக்குத் தெரியாமல் தனியாகப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். இத்தனை மாதம் கழித்துத் திரும்புவது சந்தேகம் என்றார். வீட்டுக்கு வந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கலாம். கேட்டால், அவருக்கு நிறம் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு அவர் எதை வைத்து நிமிர்ந்து நடப்பார்?

அதனால் நானும் மறைத்தேன். எங்களுக்குக் குளத்து மருந்தெல்லாம் கொண்டு வந்து போடுகிற ஷாநவாஸிடம் போனில் கேட்டுக் கற்றுக்கொண்டேன். காலையில் அவர் பார்த்துச் சொல்வது சடங்கு. மத்தியானம் அவர் தூங்கும்போது நான் இன்னொரு முறை சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பேன். எங்கள் போர் தண்ணீருக்கு எப்போதும் அந்த அளவு ஏறுகிற குணம், குழாய் அடர்ந்த சிவப்பாகத்தான் வரும். வாளித் தண்ணீரில் ஆசிட்டை அளந்து ஊற்றி, சுற்றிலும் தெளித்துவிட்டு, கேனை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிடுவேன். முட்டி வலியோடு வாளி தூக்குவது லேசில்லை. ஆனாலும் ஏழு மாதம் ஓடிவிட்டது. முந்தின நாள் மத்தியானமும் ஊற்றிச் சரியாக்கித்தான் வைத்திருந்தேன். அப்புறம் எப்படி மஞ்சள் வந்தது?

இறங்கி நான்கு சுற்று நடப்பதற்குள் குதிகால் வெடிப்பெல்லாம் எரிய ஆரம்பித்தது. எப்போதும் தலை முங்கி மூன்று முழுக்குப் போடுவேன், அவர் கரையில் நின்று எண்ணுவார். முதல் முழுக்கில் கண்ணுக்குள் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி இருந்தது. ஏறிவிடலாம் என்று படியைப் பார்த்தேன்.

"ஒண்ணு" என்றார் அவர், சந்தோஷமாக.

மூன்றும் போட்டேன். துண்டை நீட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது என்னை நேருக்கு நேர் பார்த்தார். "தண்ணி இன்னிக்கு நல்லா இருக்குதல்ல?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க."

உள்ளே வந்து கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் வெள்ளை இல்லாமல் ரத்தமாகக் கிடந்தன. இந்தக் கண்ணைத்தான் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஷாநவாஸைக் கூப்பிட்டேன்.

"நேத்து எவ்வளவுங்கம்மா ஊத்துனீங்க?" என்றான்.

"ஒரு லிட்டர். நீ சொன்ன கணக்குத்தான் தம்பி."



"அம்மா, நேத்துக் காலைல நீங்க சந்தைக்குப் போயிருந்தப்ப ஐயா என்னையக் கூப்புட்டாருங்க. வந்து பாத்துச் சொல்லச் சொன்னாரு. ஏறியிருக்குது, ஒரு லிட்டர் ஊத்துங்கன்னு சொல்லிப்போட்டு வந்தேனுங்க. அவரும் சாயங்காலம் ஊத்தியிருப்பாருங்க. மழைத்தண்ணி கலந்த குளம், ரெண்டு லிட்டர் ஆசிட்டைத் தாங்காதுங்கம்மா."

"அவர் எதுக்கு உன்னையக் கூப்புடறாரு?"

"போன வாரத்துல இருந்து கூப்புடறாருங்க. அப்பெல்லாம் தண்ணி சரியாத்தான் இருந்துதுங்க. கண்ணாடி மாத்தணும், சின்ன எழுத்துச் சரியாத் தெரியறதில்லைன்னாரு. அம்மாளுக்குத் தோல் கீல் அரிச்சுப்போடப் போகுதுன்னு ஒரே பயமுங்க அவருக்கு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீங்களும் அவருகிட்டச் சொல்லாதேன்னு வாங்கியிருக்கீங்க. நான் என்னதானுங்கம்மா பண்றது?"

அமிலத்தை முறிக்கச் சோடா ஆஷ் இரண்டு கிலோ கரைத்து ஊற்றுங்கள், இரண்டு நாள் யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தான். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அழுததில் கண் இன்னும் எரிந்தது. அந்த மனிதர் பெருமைக்காகத்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகப் பயந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருத்தனிடம் நிறம் கேட்டிருக்கிறார்.

ஒன்பது மணிக்கு அவருக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் மகள் ஹரிதா வீடியோவில் கூப்பிட்டாள். கட்டிக்கொடுத்த ஊர் தாராபுரம்தான் என்றாலும் தினமும் முகம் பார்க்க வேண்டும் அவளுக்கு. அவர் போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"அம்மா! கண்ணு என்னம்மா இப்படிச் செவந்து கெடக்குது? ரெண்டும் ரத்தமாட்ட இருக்குது!"

"வெங்காயம் அரிஞ்சேன் கண்ணு."

"வெங்காயம் அரிஞ்சா இப்படியா ஆகும்? அப்பா, பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க, நீங்க பாக்கலையா?"

அவர் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். "அப்பா? ஏப்பா, பேசுங்க" என்று உள்ளே அவள் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். வலது கண்ணைப் பார்த்தார். இடது கண்ணைப் பார்த்தார். மறுபடியும் வலது கண். மூக்கோடு மூக்கு உரசுகிற தூரத்துக்கு வந்து, இமைக்காமல் தேடினார். அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லி இதை நிறுத்திவிட வேண்டும் என்று துடித்தேன். வாயில் ஒரு பொய்யும் வரவில்லை.

"மதி" என்றார். "ரொம்பவா செவந்திருக்குது?"

அவர் கைகளுக்குள் இருந்தபடியே மெல்லத் தலையை ஆட்டினேன்.