வரட்டும் என்ற பதில்

பந்தலூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரவிச்சந்திரனின் முகத்தைப் பார்க்காதவர்களுக்கும் அவன் குரல் தெரியும். மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். காட்டு யானை இறங்கும் நாட்களில் வனக்காவலர்கள் அவனுக்குத்தான் போன் செய்வார்கள். ஜீப்பின் தலையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு தோட்டத்துச் சாலைகளில் போவான். முதலில் சைரன். பிறகு, “கவனம், கவனம், பொதுமக்கள் கவனத்திற்கு” என்று பதற்றமில்லாத குரலில் தொடங்குவான். அந்தக் குரலுக்குத் தொழிலாளர் லயன் வீடுகளில் கதவுகள் சாத்தப்படும். கொழுந்து பறிக்கிறவர்கள் பையைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுவார்கள். போன மழைக்காலத்தில் குரல் எட்டாத ஒரு பள்ளத்தில் மட்டும் ஓர் ஆள் செத்தார்.

சட்டமன்றத் தேர்தல் வந்தபோது ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் செல்லதுரை, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தினேஷ்குமாரை அவன் கடைக்கு அழைத்து வந்தார். தினேஷ்குமார் விளம்பரக் கம்பெனிக்காரன். கையில் லேப்டாப், காலில் மலைக்கு ஒத்துவராத வெள்ளைச் செருப்பு.

“ஏனுங்கண்ணா, நாம என்ன செஞ்சோம்னு சொன்னா ஒருத்தரும் நின்னு கேக்க மாட்டாங்க. அவங்க வந்தா என்ன ஆகும்னு சொல்லணுங்க. பயம்தான் ஓட்டு. இந்தச் சுத்துவட்டாரத்துல யாரு சொன்னா சனம் பயப்படுதுன்னு விசாரிச்சேன். எல்லாரும் உங்க பேரைத்தான் சொன்னாங்க.”

விளம்பரத்தைத் தினேஷ்குமாரே எழுதிவைத்திருந்தான். அதே சைரன். அதே கவனம், கவனம். “உங்கள் பகுதிக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. பயிரை மிதிக்கும், வீட்டை இடிக்கும், பிள்ளைகளின் சோற்றைப் பறிக்கும். இது விளம்பரம் அல்ல, எச்சரிக்கை.” கொஞ்சம் இடைவெளி விட்டு எதிர்க்கட்சியின் பெயர். அதன் பிறகு யானை பிளிறும் ஓசை.

ரவிச்சந்திரன் தயங்கினான். “அண்ணே, சைரனை மட்டும் மாத்திக்கலாமே?”

“சைரன்லதாங்க உயிரே இருக்குது” என்றான் தினேஷ்குமார்.

செல்லதுரை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. மைக் வைக்க அனுமதி வாங்கித் தருகிறவர் அவர். ஆளுங்கட்சிக்கு முடியாது என்று சொல்லிவிட்டு யாரும் மைக்செட் தொழில் நடத்துவதில்லை. ரவிச்சந்திரன் தன் குரலில் பதிவு செய்து கொடுத்தான்.

முதல் நாள் நிஜமாகவே ஆட்கள் ஓடினார்கள். பணியக் கணக்கு என்று சொல்லப்படும் கீழ்ப் பிரிவில் ஒரு கிழவி வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். கட்சியின் பெயர் வந்ததும் நின்று திரும்பிப் பார்த்து வைதார்கள். மறுநாள் பாதிப் பேர் ஓடினார்கள். அதற்கப்புறம் யாரும் ஓடவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். “நுழைந்துகொண்டிருக்கிறது” என்று குழாய் சொன்னதும் மலை முழுக்க ஒரே குரலில் “வரட்டும்!” என்று கத்துவார்கள். ஒருத்தி இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தலைக்கு மேல் பிடித்துக் காது மாதிரி ஆட்டுவாள்.

அவர்களில் ரவிச்சந்திரனின் மனைவி சரிதாவும் இருந்தாள். முதல் வாரத்தில் அவனும் அந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டான். பதிவு ஓடி முடிந்ததும் மைக்கைப் பிடித்து, “சரிதா, உனக்கும்தான் சொல்றேன்” என்பான். பெண்கள் சிரிப்பார்கள்.

வீட்டில் அவள் சிரிக்கவில்லை.

“இந்த ஆளுங்களுக்கு அறிவு இருக்கா? யானை வருது, யானை வருதுன்னு இவங்களே கத்துறாங்க. அஞ்சு வருசமா யானைக்கு வேலி போடுறோம்னு சொன்னதும் இவங்கதானே? மறந்திருந்தவளுக்கும் இப்ப ஞாபகம் வருது.”

“எனக்கென்ன, நான் குரல் குடுக்குறவன்.”

“குடுத்துட்டீங்க இல்ல? நாளைக்கு நெசமா வந்தா எந்தக் குரல்ல சொல்லுவீங்க?”

பிரச்சாரம் முடியட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

பிரச்சாரம் முடிவதற்குள் கொம்பன் என்று எல்லாரும் அழைக்கும் தந்த யானை வந்துவிட்டான்.

சாயங்காலக் கொழுந்து நிறுக்கும் நேரம். ஜீப்பை ரவிச்சந்திரன் ஓட்ட, செல்லதுரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பள்ளத்துக்கு இந்தப் பக்கச் சாலை. அந்தப் பக்கச் சரிவில், தகரம் வேய்ந்த நிறுவைக் கொட்டகையான மடுவத்தில், பெண்கள் கொழுந்துப் பைகளோடு நிறுவைக்குக் காத்திருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு பழைய கல் கட்டடம். மூடுபனி விட்டு விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. வனக்காவலர் ஆண்டி.

“ரவி, எங்க இருக்க? கொம்பன் சதுப்பை விட்டு ஏறிட்டான். மதத்துல இருக்கான், காது பக்கமெல்லாம் ஒழுகுது. மடுவத்துக்குப் பின்னால ஓடையிலதான் வர்றான். அங்க யாரும் போன் எடுக்கல. நாங்க வந்து சேர நேரமாகும். நீ சொல்லு, சீக்கிரம் சொல்லு.”

ரவிச்சந்திரன் வண்டியை நிறுத்தினான். சாலை வழியாகப் போனால் மலையைச் சுற்ற வேண்டும். குறுக்கே இறங்கினால் யானை வரும் ஓடையில்தான் கால் வைக்க வேண்டும். குழாயை மடுவத்தின் பக்கம் திருப்பினான். விரல் பழக்கத்தில் சைரனைத் தட்டியது.

“கவனம், கவனம். பொதுமக்கள் கவனத்திற்கு. காட்டு யானை மடுவத்தை நோக்கி...”

“வரட்டும்!”

பள்ளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் மலையில் மோதித் திரும்பியது. பனி ஒரு பக்கம் விலகியது. மடுவத்து வாசலில் ஒருத்தி சாக்கைத் தூக்கிக் காதாக ஆட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கைகொட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓடைக்கரை மூங்கில் அசைந்தது. காற்று இல்லை.

“சரிதா! சரிதா, ஓடு!”

சிரிப்புதான் வந்தது. அந்தப் பெயரையும் அவன் ஏற்கெனவே செலவழித்திருந்தான்.

“இது விளம்பரம் இல்ல. கேளுங்க, இது விளம்பரம் இல்ல” என்றான். சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. பதிவில் இருப்பதும் இதே வாக்கியம்தான். அந்தப் பக்கம் யாரோ பிளிறிக் காட்டினார்கள்.

மூங்கில் ஒடியும் ஓசை கேட்டது. ஜீப் வரைக்கும் கேட்டது. குழாயிலிருந்து இனி எது வந்தாலும் அது கட்சியின் பேச்சுதான். கட்சி காசு கொடுத்துப் பேசச் சொல்லாத ஒன்றைச் சொன்னால்தான் அவர்கள் நிற்பார்கள். பக்கத்தில் இருந்த செல்லதுரையை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வார்த்தை வந்திருக்காது.

“ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போடாதீங்க” என்றான்.

குரல் உடைந்திருந்தது. “யாரும் போடாதீங்க. அஞ்சு வருசமா வேலி போடுறோம்னு ஏமாத்துனாங்க. ஒரு கம்பி நடல. அதனாலதான் கொம்பன் உங்க முதுகுக்குப் பின்னால நிக்குறான். ஓடையில நிக்குறான். கல் கட்டடத்துக்கு ஓடுங்க.”

செல்லதுரையின் கை மைக்கின் மேல் விழுந்தது. “டேய், பைத்தியமா? யாராவது வீடியோ எடுத்தா...” என்றவர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

மடுவத்தில் சிரிப்பு நின்றிருந்தது. சாக்கை ஆட்டியவள் அதை மெதுவாகக் கீழே இறக்கினாள். ஒரு தலை ஓடைப் பக்கம் திரும்பியது. அடுத்த நொடி எல்லாரும் ஓடினார்கள். பைகள் சரிந்து கொழுந்து சிதறியது. பனி மறுபடியும் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அதற்குப் பிறகு காதால்தான் பார்க்க முடிந்தது. தகரம் மடங்கும் ஓசை. மரம் பிளக்கும் ஓசை. நிறுவைத் தராசாக இருக்க வேண்டும், இரும்பு ஒன்று கல்லில் உருண்டு உருண்டு பள்ளத்துக்குள் போனது. ஆள் சத்தம் ஒன்றுமில்லை. ரவிச்சந்திரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். செல்லதுரை ஏதோ சாமியின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெகு நேரம் போன மாதிரி இருந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மெல்லியதாக வந்தது.

“என்னாங்க... எல்லாரும் உள்ள இருக்கோம். கதவைப் போட்டுட்டோம்.”

சரிதா. மைக்கில் அவன் மூச்சு மட்டும் மலை முழுவதும் கேட்டது.

போன் மறுபடி அடித்தது. ஆண்டி ஓடிக்கொண்டே பேசினார். “மடுவத்தை விட்டுட்டான். மேல ஏறுறான். மேல் கணக்குப் பக்கம்.”

தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ஒற்றை அறை. அதைப் பார்த்துக்கொள்கிறவள் ரோஸ்மேரி, செல்லதுரையின் மனைவி. இந்த நேரத்தில் அவள் பிள்ளைகளை வாசலில் வரிசையாக உட்கார வைத்து முகம் கழுவிவிடுவாள். தாய்மார் வந்து தூக்கிப் போவார்கள். ரவிச்சந்திரனுக்கும் அது தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் ஜீப்பை மேட்டு வளைவு வரை விரட்டினான். அதற்கு மேல் போக வழியில்லை. மழையில் சரிந்த மண் இன்னும் அள்ளப்படாமல் கிடந்தது. குழாயை மேலே திருப்பினான். மைக்கை எடுத்தான்.

செல்லதுரையின் சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் தினேஷ்குமாரின் பெயர். அதற்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது வீடியோவே போயிருக்கலாம். அவர் எடுக்கவில்லை. மேலே லயன் பக்கம் பார்த்தார். அங்கேயும் பனி. எங்கோ ஒரு குழந்தை அழுதது.

“நீ சொன்னா ஏதோ கோவத்துல சொல்றான்னு நெனைப்பாங்க” என்றார். “காசு குடுக்கல, அதான் பேசுறான்னு சிரிப்பாங்க.”

“அண்ணே?”

“குடு.”

இருபத்தைந்து வருடமாக அந்தக் கட்சியின் கொடியை லயன் முனையில் ஏற்றுகிறவர். போன தேர்தலில் வேலி வரும் என்று வீடு வீடாகச் சொன்னவரும் அவர்தான். மைக்கை வாயருகே கொண்டுபோனார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார். சைரன் பொத்தானைத் தொடவில்லை.

“நான் செல்லதுரை பேசுறேன். எங்க கட்சிக்கு ஓட்டுப் போடாதீங்க.” நிறுத்தினார். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. “வேலி போடுவோம்னு உங்க வீட்டு வாசல்ல நின்னு நான்தான் சொன்னேன். போடல. கொம்பன் ஏறி வர்றான். ரோஸ்மேரி, பிள்ளைங்களை உள்ள தூக்கு. மத்தவங்க கதவைச் சாத்துங்க.”

மைக்கைக் கீழே இறக்கிவிட்டு இருவரும் காது கொடுத்தார்கள். இத்தனை நாளும் இந்த இடத்தில்தான் அந்தப் பதில் வரும். ரவிச்சந்திரனின் தோளில் செல்லதுரையின் விரல்கள் வலிக்கும்படி அழுந்தின.

வரட்டும் என்று யாரும் கத்தவில்லை.

பிறகு மேலே, பனிக்குள், முதல் கதவு சாத்தும் ஓசை. அடுத்தது. அதற்கடுத்தது. லயன் நெடுகக் கதவுகள் சாத்திக்கொண்டே போயின. குழந்தையின் அழுகை பாதியில் நின்றது. சுவருக்கு உள்ளே போனதால் நின்றதா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை. செல்லதுரை மைக்கை மறுபடியும் வாயருகே தூக்கினார்.

“எங்க கட்சிக்கு ஓட்டுப் போடாதீங்க” என்றார். இந்த முறை தொண்டையைச் செருமவில்லை.