விற்காதவர் காட்டிய விலை

சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்த நீலகண்ட பிள்ளை, விற்கிற சரக்குக்குத்தான் விலை சொல்லுவார். சொன்ன விலைக்கு எதிராளி சரி என்றுவிட்டால் சரக்கு அவனுடையது, அப்புறம் பேச்சில்லை. அங்கே பழைய கடைக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் முறை.

அதனால் ஷில்பா கேட்டது அவருக்குச் சுருக்கென்றது. ஊரில் வீட்டு விலை ஏறியதா இறங்கியதா என்று கணக்கெடுக்க ஓர் ஆய்வு நிலையம் அனுப்பிய பெண் அவள்.

"அங்கிள், இன்னைக்கு இந்த வீட்டை வித்தா எவ்வளவு கிட்டும்?"

"விக்கல்லே."

"வெறுதே, சும்மா ஒரு மதிப்புக்குத்தான்."

"வெறுதே விலை சொல்ற வாய் எங்க குடும்பத்துல இல்லை மக்ளே."

அவளுக்கு வழிகாட்டி வந்த தரகன் ஜெயன் முற்றத்தில் நின்று சிரித்தான். "அண்ணாச்சி சொல்லமாட்டாரு. அடுத்த வீடு விக்கப் போகுது, அந்த விலையையே போட்டுக்கோ மோளே. ஒரே வீட்டைப் பகுத்ததுதானே ரெண்டும். அறுபது லட்சம்."

"பதில் கிட்டாத வீட்டுக்கு அப்படித்தான் செய்வோம் அங்கிள்" என்றாள் ஷில்பா.

அடுத்த வீடு, காலமான தம்பியின் பங்கு. தம்பி மனைவி சரசம்மா அதில் இருக்கிறாள். அவள் விற்கப்போவதே பிள்ளைக்கு இப்போதுதான் தெரியும். அது போகட்டும், அறுபதா? அப்பா கட்டிய வீட்டில் சரிபாதிக்கு அறுபதா? பிள்ளை வீட்டார் நொடித்துப்போய், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று ஊர் சிரிக்காதா?

நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான் விலை சொல்லமாட்டேன். வாங்க வந்தவன் சொன்னதைச் சொல்லலாம், அதுல தப்பில்லை. எழுதிக்கோ மக்ளே. ஓணத்துக்கு முன்னால ஒருத்தன் வந்து ஒரு கோடியே பத்து லட்சம் தாறேன்னான். வேண்டாம்னேன்."

"யாரு அங்கிள்?"

"இந்தா நிக்கான்."

ஜெயனின் சிரிப்பு நின்றது. "அது சும்மா பேசினதுதானே அண்ணாச்சி!"

"சும்மாவா? நான் சரின்னிருந்தா?"

சும்மாதான் என்றால் நாளை சாலைக் கடைத்தெருவில் எவனும் அவன் வாக்கை நம்பமாட்டான். ஜெயன் தரையைப் பார்த்தான். "குடுத்திருப்பேன்."

"வேண்டாம்னு சொன்ன விலைன்னு குறிக்கிறேன் அங்கிள். ஊகத்தைவிட இது நல்லது" என்று ஷில்பா எழுதிக்கொண்டாள்.

பேச்சுச் சத்தம் கேட்டு சரசம்மா நடுச்சுவர் அருகே வந்து நின்றிருந்தாள். "அத்தான், உங்ககிட்ட கேட்டா வேண்டாம்பியன்னுதான்..."

"உன் பங்கு, நீ வில்லு. அறுபதுன்னு சொன்னது நீயா, அவனா?"

"அவன்தான். பாக்கலாம்னு மட்டும் சொன்னேன்."

"அப்ப உன் வாய் கட்டுப்படல்லே."

சரசம்மா நிமிர்ந்தாள். "கேட்டியா ஜெயா? சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கோடியே பத்து, இந்தப் பக்கம் அறுபதா?"

"சேச்சி, நாம பொறவு பேசலாம்..."

"அப்ப அந்த வீட்டுக்கு எதை எழுதட்டும்?" என்றாள் ஷில்பா.

பிள்ளை நாற்காலியை இழுத்து வந்து தெரு வாசலை அடைத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவன் சொல்லுவான் மக்ளே. சொல்லாம எப்படிப் போறான்னு பாப்போம்."