‘போறேன்’ என்று சொல்ல வாய் வராதவள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது என் ஸ்வெட்டரின் மூன்றாவது பட்டனால் வந்த கதை.

வெளிநாட்டில் மகன் வேலை செய்யும் ஊருக்கு வந்திருந்தேன். தங்கும் நாளை நீட்டிக்க பெர்மிட் ஆபீசில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பட்டன் ஒற்றை நூலில் தொங்குவதைப் பக்கத்து நாற்காலிப் பெண் பார்த்துவிட்டாள். “அசையாம இருங்கம்மா” என்று கைப்பையிலிருந்து ஊசிநூலை எடுத்தாள். தைத்துக்கொண்டே சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பட்டன் தைத்து முடிந்தது, கதை முடியவில்லை. எந்த இடத்தில் நின்றது என்று கடைசியில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எப்படித் தொடங்குவது?

‘நீராவி படர்ந்த அந்தப் பெரிய கூடத்தில், வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே தன்னந்தனியாக ஒரு’

(அடித்துவிட்டேன். ஒரே அறையில் ஐந்து பெண்கள், காலையில் குளிக்க வரிசை. “தனியா இருக்க எங்கம்மா நேரம்” என்றுதான் சொன்னாள்.)

‘அவள் ஒரு பறவை, பெர்மிட் ஒரு’

(எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.)

நேராகவே சொல்கிறேன். அவள் ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில் வேலை செய்தாள். விருந்தாளிகளின் சட்டையில் பட்டன் விழுந்திருந்தால் தைப்பது அவள் வேலை, மற்ற நேரத்தில் இஸ்திரி. எல்லோருக்கும் பட்டன் அக்கா. ஊரில் அவள் துணி வெட்டுகிறவள். சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, பன்னிரண்டு மடிப்புத் துணியை நூல் பிசகாமல் ஒரே வெட்டில் வெட்டிய கை. மூன்று வருஷமாக அந்தக் கை கத்திரியைத் தொடவில்லை.

மருத்துவமனைச் சீருடை தைக்கும் ஒரு பட்டறையில் வெட்டு மேஜைக்கு ஆள் கேட்டார்கள். ஒரு துணியை வெட்டிக் காட்டினாள். “அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள்ள பேப்பர் மாத்திட்டு வாங்க, அதுக்கு மேல காத்திருக்க முடியாது” என்றார்கள்.

பேப்பரில்தான் சிக்கல். அவள் பெர்மிட்டில் லாண்டரியின் பெயர் அச்சடித்திருக்கிறது. லாண்டரி விடுவித்து ஒரு கடிதம் கொடுத்தால்தான் பெயரை மாற்றலாம். கொடுக்காவிட்டால் பட்டறை கைநழுவும், பெர்மிட் இன்னும் இரண்டு வருஷத்துக்கு லாண்டரி பெயரிலேயே புதுப்பிக்கப்படும்.

3

லாண்டரி ஆபீசில் விண்ணப்பப் பாரங்களைக் கவனிக்கிறவர் நம் பேச்சு பேசுகிறவர். அதனால் தைரியமாகப் போனாள்.

“என்னக்கா, வேலை நேரத்துல இந்தப் பக்கம்?”

“ஒண்ணுமில்ல தம்பி. முதல் தேதியோட நான்... போயிட்டு வரலாம்னு இருக்கேன்.”

“நல்லா போயிட்டு வாங்க. மூணு வருஷமா ஒரு நாள் லீவு கேட்டதில்ல நீங்க.” ஒரு பாரத்தை எடுத்துச் சரசரவென்று நிரப்பினார். “இங்க ஒரு கையெழுத்து.”

போட்டுவிட்டாள். அச்சடித்திருந்த பாஷை அவளுக்குப் படிக்க வராது. இவ்வளவு சுலபமா என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள். செவ்வாய்க்கிழமைதான் அறைத்தோழி, அவள் ஒரு நர்ஸ், அந்தப் பாரத்தின் நகலை வாங்கிப் பார்த்தாள்.

“அக்கா, இதுல ‘திரும்பி வரும் தேதி’ன்னு போட்டிருக்கு. இது லீவுப் பாரம்க்கா.”

(இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டுவதில்லை. பேச்சு வாக்கில் சொல்லிவிட்டால் உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டித் திருத்தும். பால் வாங்கப் போனாலும் போயிட்டு வரேன்தான், கடல் தாண்டினாலும் போயிட்டு வரேன்தான். திரும்பி வராமலே போக வேண்டிய இடங்களும் உண்டே, அதற்கு நாம் ஒரு நல்ல வார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்தத் தம்பியையும்தான்.)

4

கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் லாண்டரி சூப்பர்வைசர், அவரும் நம் பேச்சுக்காரர்தான். அந்த அம்மாளை முதல் பிரதியில் கொடுமைக்காரியாக எழுதினேன். தடித்த புருவம்கூட வைத்தேன். ஆனால் பட்டன் தைத்தவள் அவரைப் பற்றிச் சொல்லும்போது குரலில் கசப்பே இல்லை. புருவத்தை எடுத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை. மடிப்பு மேஜைக்கு இந்தப் பக்கம் பட்டன் அக்கா, அந்தப் பக்கம் சூப்பர்வைசர். நடுவில் நீளமாக ஒரு விரிப்பு. முனையோடு முனை சேர்த்து மடித்துக்கொண்டே பேச்சு.

“மேடம், நான்...”

“சொல்லு.”

“நான் போறேன் மேடம்.”

விரிப்பு பாதி மடிப்பில் நின்றது. “வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? போயிட்டு வரேன்னு சொல்லுடி.”

“அதைச் சொல்லித்தான் மேடம் லீவுப் பாரத்துல மாட்டிக்கிட்டேன்.”

பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் நீராவிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாளாம். பட்டன் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பட்டறை, வெட்டு மேஜை, வியாழக்கிழமை.

“இங்க என்ன குறை உனக்கு?”

“குறை இல்ல மேடம். கத்திரி இல்ல.”

சூப்பர்வைசர் மடிப்பை முடித்து, விரிப்பை அடுக்கில் வைத்துத் தட்டினார். (கண்ணைத் துடைத்தார் என்று எழுதியிருந்தேன். அது நான் சேர்த்தது, எடுத்துவிட்டேன். தட்டியது உண்மை.) “உன்னை மாதிரி பட்டன் தைக்க நான் ஆளுக்கு எங்க போவேன்” என்று விரிப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் ஒரு கவர் கொடுத்தார். ஒட்டி, முத்திரை வைத்தது. முத்திரை உடைந்தால் பெர்மிட் ஆபீசில் வாங்க மாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று இவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“போயிட்டு வா.”

5

மறுநாள் வியாழக்கிழமை, பெர்மிட் ஆபீசில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கவர் அவள் மடியில் இருந்தது. கவருக்கு மேல் என் ஸ்வெட்டரின் ஓரம். “அவங்க எந்தப் போயிட்டு வா சொன்னாங்கன்னு தெரியலம்மா” என்று சொல்லி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நம்ம வழக்கத்துல சொன்னாங்களா, லீவுப் பாரத்து வழக்கத்துல சொன்னாங்களா?”

நான் இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் கவருக்குள் அதே லீவுப் பாரம், ஒரு மாத விடுமுறைக்கு அனுமதியோடு. எழுதியவுடனே கிழித்துவிட்டேன். (கிழித்ததற்குக் காரணம் என் வயசு. இந்த வயசில் பிறத்தியார் பிள்ளைகளுக்குக் கெட்டது எழுதக் கை வருவதில்லை.)

இன்னொன்றில் விடுவிப்புக் கடிதம், அடியில் சூப்பர்வைசர் தன் கையால் ஒரு வரி: ‘இவளை அனுப்ப எனக்கு மனமில்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.’ இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் ஆசை என்பது நன்றாகத் தெரிகிறது.

6

நடந்தது இவ்வளவுதான். பலகையில் அவள் எண் விழுந்தது. எழுந்தாள். கவரைச் சேலை மடிப்பு மாதிரி நீவிக்கொண்டாள். என்னிடம் விடைபெறத் திரும்பி வாயைத் திறந்தவள், அப்படியே நின்று சிரித்துவிட்டாள். எந்த வார்த்தையைச் சொல்வது என்று தெரியவில்லை.

நான்தான் சொன்னேன். “முதல்ல போ. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.”

அவள் கவுண்டர் பக்கம் நடக்கும்போதே என் எண்ணும் விழுந்தது, அடுத்த கூடத்தில். திரும்பி வந்தபோது அந்த நாற்காலியில் வேறு யாரோ.

நாலு கண் பட்டனைப் பெருக்கல் குறியாகத் தைத்து, அடியில் நூலைச் சுற்றிக் கழுத்துக் கட்டியிருக்கிறாள். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கவரை உங்கள் மடியில் வைக்கிறேன், கண்ணுகளா. முத்திரையை நீங்கள் உடைக்கலாம், உங்களிடம் யாரும் வாங்க மறுக்கப் போவதில்லை. பிரிக்கும்போது அந்தக் கத்திரியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.