ஹாரன் அடிக்கிற வண்டி

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடிய அந்தத் தனியார் பேருந்தில், கொரோனா இரண்டாம் அலையின்போது, முகக்கவசத்தை ஆண்டுகொண்டிருந்தது அரசாணை அல்ல. ஓட்டுநர் வல்லரசுவின் ஹாரன். விக்கிரவாண்டியில் போலீஸ் நின்று சோதிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அவர் இரண்டு முறை நீட்டி அடிப்பார். தாடையில் தொங்கியவை, சட்டைப்பையில் மடிந்து கிடந்தவை, ஒற்றைக் காதில் ஆடிக்கொண்டிருந்தவை எல்லாம் மூக்குக்கு ஏறும். போலீஸ்காரரின் தொப்பி பின்னால் மறைந்ததும் ஏறிய வேகத்திலேயே இறங்கும். ஹாரன் அடிக்கிற வண்டி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அபராதத்துக்கு அஞ்சியவர்கள் முந்தி வந்த பேருந்தை விட்டுவிட்டு இதற்காகக் காத்திருந்தார்கள்.

நடத்துநர் சித்தார்த்தன் அந்த ஒலியை வெறுத்தான். அவன் மனைவி கவிதாவுக்கு அது எட்டாம் மாதம். கர்ப்பிணிகளை இந்த முறை நோய் கடுமையாகத் தாக்குகிறது, வீட்டுக்குள் கொண்டுபோய்விடாதே என்று மருத்துவர் அவனிடம் சொல்லியிருந்தார். தாய் வீட்டுக்கு அனுப்பலாமென்றால், திருவெண்ணெய்நல்லூரில் அந்த வீட்டிலேயே இருவர் காய்ச்சலில் கிடந்தார்கள். கவிதா வாசற்படி தாண்டுவதில்லை. ஆக, நோய் அவளிடம் போய்ச் சேர எஞ்சியிருந்த ஒரே வழி அவன்தான்.

அவன் கெஞ்சிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான், முகக்கவசம் ஏறும்வரை சீட்டுக் கிழிக்க மறுத்தும் பார்த்தான். கிடைத்ததெல்லாம் கேலி. அதில் மற்றவர்களுக்கு முன்னால் நின்றவர், திண்டிவனத்துக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு போய்வரும் துரைக்கண்ணு.

"களத்துல போரடிக்கிற மாட்டுக்குத்தான் வாய்க்கூடு கட்டுவாங்க கண்டக்டரே. நான் என்னா, உன் டிக்கெட்டயா மேஞ்சிடப் போறேன்?"

ஹாரனை மட்டுமாவது நிறுத்தும்படி சித்தார்த்தன் ஓட்டுநரிடம் கேட்டான். போலீஸ் எங்கே நிற்கிறதென்று தெரியாவிட்டால், அந்தப் பயத்திலாவது வழி நெடுக அணிந்திருப்பார்கள் என்பது அவன் வாதம். வல்லரசு டீயை ஊதிக் குடித்து முடித்தார்.

"ஏழ ஜனங்க ஃபைன் கட்டக்கூடாதுன்னு அடிக்கிறேன். உன் பொண்டாட்டி புள்ளத்தாச்சின்னா, அதுக்கோசரம் ஊரே மூஞ்சியக் கட்டிக்கினு திரியணுமா?"

அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை, விசில் மட்டுந்தான்.

ஒருநாள் விக்கிரவாண்டியைத் தாண்டியதும் துரைக்கண்ணு இருமத் தொடங்கினார். சன்னல் வழியே துப்பிவிட்டு மறுபடி இருமினார். வாயை மூடச் சொன்னபோது மல்லாட்டைத் தூசி என்றார். சித்தார்த்தன் விடவில்லை; இறங்கிக்கொள்ளச் சொன்னான். அவர் நிதானமாக எழுந்தார். அவனுடைய முகக்கவசத்தை ஒரு விரலால் கொக்கிபோல் மாட்டித் தாடைக்கு இழுத்துவிட்டு, அவன் முகத்துக்கு நேராக இருமிக் காட்டினார். பேருந்து சிரித்தது. வல்லரசுவின் தோள்களும் குலுங்கியதைச் சித்தார்த்தன் பார்த்தான்.

அவன் தன் இருக்கையில் போய் அமர்ந்தான். முகத்தை மூடிக்கொண்டான். ஒலிக்காத கைப்பேசியைக் காதில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான்.

"சொல்லுங்க சார். டெஸ்ட்டு குடுத்தவன்தான். பாசிட்டிவா? சரிங்க சார்."

ஹாரன் தேவைப்படவில்லை. முகக்கவசங்கள் ஏறின, இல்லாதவர்களுக்கு முந்தானையும் துண்டும் ஏறின. திறக்க வராது என்று பல நாளாய் நம்பப்பட்ட சன்னல்கள் திறந்துகொண்டன. துரைக்கண்ணு தன் விரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார். வல்லரசு கூட்டேரிப்பட்டுக்கு அருகில் வண்டியை ஓரங்கட்டி, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி, பணப்பையை அங்கேயே வைத்துவிட்டு இறங்கும்படி சித்தார்த்தனிடம் சொன்னார். கூடவே அவனுடைய தாயையும் இழுத்துத் திட்டினார். அவனுடைய சாப்பாட்டுத் தூக்கை யாரோ காலால் தள்ள, அது படிகளில் உருண்டு சாலையில் விழுந்தது. அத்தனை முகங்களும் மூடியிருக்கப் போய்க்கொண்டிருந்த பேருந்தைப் பார்த்து அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போன கரும்பு லாரியின் பாரத்தின் மேல் அமர்ந்து வந்து, மீதியை நடந்து விழுப்புரம் சேர்ந்தபோது, செய்தி அவனுக்கு முன்பே தெருவுக்கு வந்திருந்தது. வீட்டுக்காரம்மாள் இருதயமேரி கேட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றிருந்தார். அவன் நடந்ததைச் சொன்னான். டெஸ்ட்டே எடுக்கவில்லை, சொன்னது பொய் என்றான்.

"பஸ்சுல பொய் சொன்னவன் இங்க மட்டும் நெசமா சொல்லுவ? போப்பா. மாடியில புள்ளத்தாச்சி இருக்கா."

"அவ என் பொண்டாட்டிங்க."

"அதான் சொல்றேன்."

எதிர்வீட்டிலிருந்து ஒருவர், சுகாதாரத் துறைக்குப் போன் போடட்டுமா என்று கேட்டார். அதற்குள் கவிதா மாடிக் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு வந்து நின்றாள். அவன் அவளை நோக்கி மறுபடி எல்லாவற்றையும் சொன்னான். துரைக்கண்ணு செய்ததையும், அவள் தனக்காகக் கோபப்படுவாள் என்ற நம்பிக்கையில், விடாமல் சொன்னான்.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"மாஸ்க்க இழுத்துட்டு மூஞ்சிக்கு நேரா இருமினாரா?"

"ஆமா. அந்த ஆள நான் சும்மா விடமாட்டேன்."

"அந்த ஆள வுடுங்க. நீங்க உள்ள வராதீங்க."

அவன் அவள் பெயரைச் சொல்லி அழைத்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் குரல் இளகவில்லை. மாற்றுத் துணியைச் சுருட்டிக் கீழே போட்டாள். டெஸ்ட் எடுத்து, முடிவு தெரிந்த பிறகு தெருவில் நின்று கூப்பிடச் சொன்னாள். இருதயமேரி சாவியை இன்னும் இறுக்கி முடிந்துகொண்டார். சித்தார்த்தன் கேட்டிலிருந்து கையை எடுத்தான். பிடித்திருந்த கம்பியைத் தன் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்துவிட்டு, துணி மூட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.