சாலிக் அடிக்கும் பக்கம்

...இடது முழங்காலா வலது முழங்காலா, எது முந்திப் போகும் என்று இரண்டும் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கின்றன, ஐந்து நாளில் நாலாவது ஆட்டம், நாற்பத்தொரு வயது, நடுவர் ஊதிவிட்டார், ஊதட்டும், பெனால்டிதான், நம்ம ஹென்ட்ரிக் காலை நீட்டியதை உலகமே பார்த்தது, இப்போது அவனே போய்க் கையை விரித்து நியாயம் கேட்கிறான், கேட்டு என்ன ஆகப்போகிறது... ஏனோக் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டான். இரும்பு சில்லென்றிருந்தது. இந்த வாரம் முழுக்க, சாய ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றாகிவிட்டது. சொந்த ஊர் ஊம்மன்னாக்கிலிருந்து படகில் ஒன்றரை நாள், அப்புறம் கப்பலில் ஒரு நாள், இங்கே சிசிமியுட் பள்ளிக்கூடத்தில் வகுப்பறைத் தரையில் பதினேழு பேர், தலைமாட்டில் குட்டிக் குட்டி நாற்காலிகள். ஊருக்கு ஊர் சாலை இல்லாத கிரீன்லாந்தில் வேறு எப்படி ஆடுவது, வட்டாரத்துக்கு ஓர் அணி, வருஷத்துக்கு ஒரு வாரம், அந்த ஒரு வாரத்துக்குள் நாட்டின் வாகை யாருக்கு என்று முடிவாகிவிட வேண்டும், கால் ஓய்ந்தாலும் சரி. அரையிறுதி, ஒன்றுக்கு ஒன்று, இன்னும் இரண்டு நிமிஷம். ஊம்மன்னாக் இறுதியாட்டத்தைப் பார்த்துப் பதினாறு வருஷம் ஆகிறது. இந்தப் பந்தைத் தடுத்தால் உயிர் இருக்கிறது, விட்டால் நாளைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஹென்ட்ரிக் ஓடி வந்தான், முகமெல்லாம் வியர்வை. "ஏனோக், அந்தப் பையன் எந்தப் பக்கம் அடிப்பான்? உனக்குத் தெரியும்ல?" எனக்கெப்படித் தெரியும், என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டுப் பார்த்தால், பந்தை இடுக்கிக்கொண்டு வருகிறவன் சாலிக். தெற்கத்தி அணியில் வேறு ஆளே இல்லையா...

பத்தொன்பது வயது. திமிர் கிடையாது, அதுதான் இன்னும் எரிச்சல். முந்தாநாள் காப்பி வரிசையில் பின்னாலிருந்து தோளைத் தட்டி, "என்ன தம்பி, நல்லாருக்கியா?" என்கிறான், தன்னைவிட இரண்டு மடங்கு வயதானவனைப் பார்த்து, தட்டை வைத்துக்கொண்டு இரண்டு அணியும் சிரிக்கிறது. "யாருக்குடா யாரு தம்பி? ஓடிரு," என்றான் ஏனோக். பக்கத்தில் நின்ற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணன்கிட்ட இப்படியாடா பேசுவே?" அண்ணனாம். அண்ணன் கடலில் இருக்கிறான். இருபது வருஷமாகக் கடலில் இருக்கிறான், இறால் பிடிக்கப் போன கப்பலிலிருந்து அலை அள்ளிக்கொண்டு போனது, உடல்கூடக் கிடைக்கவில்லை, அதைச் சொன்னால் மட்டும் அம்மா காது கேட்காதவள்போல் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அண்ணன் போன புதிதிலும் அப்படித்தான். ஒரு மாதம் அவள் வாயில் சோறு தண்ணீர் இறங்கவில்லை, இவன்தான் ஸ்பூனை வாயருகே கொண்டுபோய்க் கெஞ்சிக்கொண்டிருந்தான், ஒருநாள் தெற்கே நானோர்டாலிக்கிலிருந்து போன், அண்ணனோடு அதே கப்பலில் வேலை பார்த்த கூட்டாளி, பையன் பிறந்திருக்கிறான், சாலிக் என்று உங்கள் மகன் பெயரையே வைத்திருக்கிறோம். அவ்வளவுதான். அம்மா முகம் கழுவினாள், தலை வாரினாள், காப்பி போட்டுத் தெருவையே கூப்பிட்டாள், வந்துட்டான், எம்புள்ளை வந்துட்டான்... செத்தவர் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைத்தால் ஆள் திரும்பிவிட்டதாக ஊரே சொல்லும், ஏனோக்கும் எத்தனையோ வீட்டில் அந்தக் காப்பியைக் குடித்தவன்தான். ஆனால் அன்றைக்குக் கோப்பையைத் தொடாமலே எழுந்துவிட்டான். அந்த வீட்டில் அன்றிலிருந்து அழுவதற்கு ஓர் ஆள்தான் பாக்கி, அவனும் கொல்லைப்பக்கம் நாய்களுக்குத் தீனி போடுகிற சாக்கில்தான் அழ வேண்டியிருந்தது. இருபத்தொரு வயசில் அவனைத் தேற்ற யாருமே வரவில்லை, யாரை இழந்தான் என்று வருவார்கள்? பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அந்தப் பையனுக்குப் பார்சல் போகும், சீல்தோல் காலணி, கையுறை, காய்ந்த மீன், தின்பதற்குத் திமிங்கிலத் தோலில் நல்ல பகுதியாகப் பார்த்து. போன வாரம் கப்பலிலும் ஒரு பை நிறைய மீன் கொண்டுவந்தாள், இறங்கியதும் நேரே தெற்கத்தி அணி தங்கியிருக்கும் இடத்துக்குப் போனாள். இவனுக்கு ஒரு துண்டுகூட இல்லை. நாற்பத்தொரு வயதில் காய்ந்த மீனுக்கு ஏங்குகிறோமே என்று வெட்கமாக இருந்தது, இருந்தாலும் ஏங்கினான்.

பையன் பந்தை வைத்தான், எடுத்தான், திருப்பி வைத்தான். மைதானத்துக்கு மேலே பாறைமேல் ஊரே உட்கார்ந்திருக்கிறது, அத்தனை சத்தத்திலும் ஒரு குரல் தனியாகக் கேட்டது. "சாலிக், பாத்துடா! தம்பிக்கு முழங்கால் சரியில்ல!" நல்ல தாய், எதிராளிக்கு உளவு சொல்கிறாள்... சிரிப்பு வந்தது, சிரிக்கவும் தெம்பில்லை. எந்தப் பக்கம் அடிப்பான் என்று கேட்டானே ஹென்ட்ரிக். சாலிக் இடது பக்கம் அடிப்பான். நிஜச் சாலிக். தேவாலயத்துக்குப் பின்னால் சரளைக்கல் தரை, இரண்டு எண்ணெய் பீப்பாய்தான் கோல், தலையைக் கொஞ்சம் சாய்த்து, எப்போதும் இடது பீப்பாயை ஒட்டி, தரையோடு தரையாக, ஒருநாள் விடாமல். "தெரிஞ்சும் உன்னால பிடிக்க முடியலையேடா!" என்று கிண்டல் வேறு. சரளையில் பாய்ந்து பாய்ந்து அப்போது தேய்ந்த முழங்கால்கள்தான் இவை. ஒரு பந்து, ஒரே ஒரு பந்து பிடித்திருந்தாலும் போதும். பிடிப்பதற்குள் அவன் கப்பலேறிவிட்டான்.

வேண்டாம், இதெல்லாம் எதற்கு இப்போது. இது வேறு யாரோ ஒரு பையன். பள்ளிக்கூடம் முடித்து மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் யாரோ ஒருவன். எந்தப் பக்கமும் அடிப்பான், வானத்தைப் பார்த்தும் அடிப்பான். ஏனோக் கோட்டின் நடுவில் வந்து நின்றான். பாயப்போவதில்லை. முடிவு செய்துவிட்டான், சும்மா நிற்பது, தன்மேல் வந்தால் பிடிப்பது, வராவிட்டால் போகட்டும், விழுந்தால் யார் எழுந்திருப்பது... நிற்பதே சுகமாக இருந்தது. பையன் இரண்டடி பின்னால் போனான். தலையைக் கொஞ்சம் சாய்த்தான். எல்லாப் பையன்களும் சாய்ப்பதுதான். எல்லாரும்தான்... விசில்.

செயற்கைப் புல் கன்னத்தில் குத்தியது. ரப்பர் வாசனை. தான் கீழே கிடப்பது ஏனோக்குக்கு அப்போதுதான் தெரிந்தது, இடது மூலையில், கம்பத்தை ஒட்டி, கையை நீட்டி, தரையோடு தரையாக, இந்த வயதில் இப்படி ஒரு பாய்ச்சல் தன் உடம்பில் மிச்சமிருந்ததே தெரியாது. கை காலி. தலையைத் திருப்பினான், பந்து கோலுக்கு நட்டநடுவில், வலைக்குள், மெதுவாக ஆடி நின்றது. நடுவில். நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் மார்பில் வந்து விழுந்திருக்கும். ஹென்ட்ரிக் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான், பாறைமேல் கார் ஹாரன்களும் கூச்சலும், அம்மா கை தட்டிக்கொண்டிருப்பாள், அவள் பக்கம் பார்க்க வேண்டாம்.

ஒரு நிழல் முகத்தில் விழுந்தது. கொண்டாடப் போகாமல் இங்கே வந்திருக்கிறான், கையை நீட்டியபடி. "எந்திரி தம்பி. முட்டி அடிபட்டுருச்சா?" இல்லை என்று தலையாட்டினான் ஏனோக். பையன் அவனை இழுத்து நிறுத்திவிட்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டான். "நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்லையே. ஏன் அங்க பாஞ்சே?"

ஏனோக் கன்னத்தில் ஒட்டிய ரப்பர்த் துகளைத் தட்டிவிட்டான். இருபது வருஷம், வேறு யாரோ ஒரு பையன், வேறு யாரோ ஒரு பையன் என்று அம்மாவோடு மல்லுக்கு நின்றவன், ஒரு பார்சலில்கூடத் தன் பெயரைச் சேர்க்க விடாதவன்... வேறு யாரோ ஒருவனுக்காகவா அவ்வளவு நிச்சயமாக அந்த மூலைக்குப் போனான்? பையன் பதிலுக்குக் காத்து நின்றான். ஏனோக் அவன் கையை இன்னும் விடவில்லை.