இருபத்து மூன்றாவது எலி

சாம்பசிவன் எலிக்கூண்டை மஞ்சள் துணிப்பைக்குள் இறக்கி, பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, காலை ஐந்தே முக்காலுக்குக் கேட்டைத் திறந்தார். பார்க்கிறவர்களுக்கு அவர் பால் பாக்கெட் வாங்கப் போகிறார் என்றுதான் தோன்றும். உள்ளே இருந்தது இருபத்திரண்டாவது எலி. அவர் எண்ணிக்கொண்டு வந்தார். எட்டேகால் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை கூட வருகிற ஆபீஸ் நண்பர்களுக்கும் அந்தக் கணக்கு தெரியும்.

மேற்குத் தாம்பரத்தில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றபோது வாங்கி, லோன் போட்டு வீடு கட்டிக் குடிவந்தது எண்பத்தாறில். வயலை வீடாக்கினால் வயலில் இருந்த எலி வேறெங்கே போகும்? சர்வ சுதந்திரமாக வீட்டுக்குள் வந்துவிட்டது. எதிர்வீட்டு அரிகிருஷ்ணன் பிடித்த எலியைக் கூண்டோடு வாளித் தண்ணீரில் முக்கிவிடுவார். "ரெண்டே நிமிஷம் சார்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார். சாம்பசிவன் அதை ஒருமுறை பார்த்ததோடு சரி. அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

"பாஷாணம் வெச்சா ஒரே வாரத்துல தீந்துடும், ன்னா" என்றாள் அவர் மனைவி அபிதகுஜாம்பாள்.

"வாயில்லாத ஜீவன்டி. வீடே இல்லாத இடமாப் பாத்து விட்டுட்டு வரேன். அதும் பொழைச்சுப் போகட்டும்."

அப்படி அவர் கண்டுபிடித்த இடம்தான் ஏரிக்கரை. தார் ரோடு முடிந்து, சீமைக்கருவேல முள் ஆரம்பிக்கும் இடம். அங்கே குந்தி உட்கார்ந்து கூண்டின் கதவைத் தூக்குவார். எலி ஒரு கணம் நம்பாமல் நிற்கும், பிறகு பாய்ந்துவிடும். அந்தப் பாய்ச்சலைப் பார்க்கையில் மனுஷனுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். சந்தோஷம் என்றால் சாதாரண சந்தோஷம் இல்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்ததைவிட ஒரு படி அதிகம் என்றே சொல்ல வேண்டும். முள்ளுக்கு அந்தப் பக்கம் குடிசைக் கூரைகளிலிருந்து புகை எழுவதை அவர் தினமும் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

பாத்திரம் தேய்க்கிற பூவம்மாள் இரண்டு நாள் வரவில்லை. சொல்லாமல் நிற்கிறவள் இல்லை அவள். அபிதகுஜாம்பாள் இரண்டு நாளும் முனகிக்கொண்டே தேய்த்தாள். மூன்றாம் நாள் பூவம்மாள் வந்து, அடிபம்பின் கீழே பாத்திரங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். சாம்பசிவன் பக்கத்திலிருந்த வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள் அபிதகுஜாம்பாள்.

"கொயந்தை கால் கட்டை வெரலை எலி கட்ச்சிட்ச்சிம்மா. தூங்கிகினு இருந்துச்சி. ஒரே ரத்தம். ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் அலைஞ்சிகினு இருந்தேன்."

"ஐயையோ! இப்ப எப்படி இருக்கு?"

"ஊசி போட்டுக்கீறாங்க. காலை ஊனினா அயுவுது." பூவம்மாள் தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டாள். "முன்னல்லாம் எங்க பக்கம் இவ்ளோ எலி இல்லம்மா. இப்பத்தான் ஒரே பேஜாரு. யாரோ ஒரு பெரிய மனுசன் காலங்காத்தால பைல போட்டு எடுத்தாந்து ஏரிக்கரையாண்ட வுட்டுட்டுப் போறாராம். இன்னொரு தபா வரட்டும், புட்ச்சிக் கேக்கறோம்னு எங்க ஆளுங்க சொல்லிகினு கீறாங்க."

அபிதகுஜாம்பாள் வராந்தா பக்கம் திரும்பிப் பார்த்தாள். பேப்பர் முகத்துக்கு நேரே அப்படியே நின்றது. அவள் உள்ளே போய்விட்டாள். அதற்கு அவள் திட்டியே இருக்கலாம்.

ஒரு வாரம் கூண்டு பரண் மேல் கிடந்தது. அந்த ஒரு வாரத்தில் எலிகள் கல்யாணப் புடவையின் ஜரிகையைக் கடித்தன, அரிசி டின்னின் மூடியைத் தள்ளின. சாம்பசிவன் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "என்ன சார், ஸ்கோர் எவ்ளோ?" என்று கேட்டவர்களுக்கு இருமிக் காட்டினார். எட்டாம் நாள் அபிதகுஜாம்பாள் அவரைக் கேட்காமலேயே கூண்டை இறக்கித் தேங்காய்ச் சில்லைச் சுட்டுக் கொக்கியில் மாட்டினாள்.

விடிந்ததும் இருபத்து மூன்றாவது எலி உள்ளே இருந்தது.

பழக்கதோஷத்தில் பையில் போட்டுக்கொண்டு கேட் வரை வந்துவிட்டார். அதற்கு மேல் கால் எழவில்லை. எங்கே போவது? தண்டவாளத்தின் ஓரம் முழுக்கக் குடிசை. முடிச்சூர் பக்கம் வயல், நெல் யாருடையதோ. பள்ளிக்கூட மைதானத்தில் வாட்ச்மேன் குடும்பம் இருக்கிறது. தாம்பரத்தைச் சுற்றி மனதால் ஒரு நடை நடந்து பார்த்தார். யாரும் இல்லாத இடம் என்று ஒன்று அகப்படவில்லை. அப்போது பூவம்மாள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பை அசைந்தது. அவள் பையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"பூவம்மா, ஏரிக்கரைல விட்டது நான்தான்."

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அதற்கு வெகுநேரம் ஆனது.

"எங்க வூடு அங்க கீதுன்னு தெரியாதா சார்?"

"தெரியாதும்மா."

அது உண்மைதான். மூன்று வருஷமாக வேலைக்கு வருகிறவளிடம் எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்டதில்லை. அதைச் சொல்லும்போது அவருக்குக் காதெல்லாம் சுட்டது. வெட்கத்தோடு வெட்கமாகப் பையை அவளிடம் நீட்டினார்.

"இதை மட்டும் நீயே ஏதாவது பண்ணிடேன்."

பூவம்மாள் கை நீட்டவில்லை.

"எங்க வூட்ல மாட்டினா நானே பண்ணுவேன் சார். இப்பல்லாம் தெனம் பண்ணிகினுதான் கீறேன். இது உங்க வூட்டு எலி."

குரலில் கோபம் இல்லை. அவள் போய் அடிபம்பை இருபது அடி அடித்தாள். நிரம்பிய வாளியைத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்துவிட்டு, பாத்திரக் குவியலின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தேய்க்கிற சத்தம் எப்போதும்போலக் கேட்க ஆரம்பித்தது.

சாம்பசிவன் கூண்டைப் பையிலிருந்து எடுத்தார். சின்ன எலி. மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டி அவர் விரலை மோந்து பார்த்தது. மீசை சிலிர்த்தது. அவர் கூண்டைக் கீழே வைத்து வலது கைச் சட்டையை முழங்கை வரை மடித்தார், பிறகு கூண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வாளியில் தண்ணீர் இன்னும் விளிம்புக்கு விளிம்பு ஆடிக்கொண்டிருந்தது. அது அடங்கட்டும் என்று நின்றார்.