செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுக்காரரின் பழைய கார் ஒருநாள் காலை கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் ‘கிர்ர் கிர்ர்’ என்று சுற்றும், பற்றிக்கொள்ளாது. நான் எழுத உட்கார்ந்திருந்தேன். என் நிலைமையும் அதேதான். சரி, இதையே எழுதித் தொலைப்போம் என்று ஜன்னலைச் சாத்தினேன்.

முதல் வாக்கியம்: அந்தக் காருக்கும் ஓர் ஆன்மா இருந்தது, அது அன்று

வேண்டாம். காருக்கு ஆன்மா, மழைக்குக் கண்ணீர், இந்த வேலையெல்லாம் எனக்கு ஆகாது. நேராகவே சொல்கிறேன்.

அண்ணன் டிக்கியை ஓங்கி அறைந்து சாத்தினான். தங்கை முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். கிர்ர் கிர்ர். கிளம்பவில்லை.

(‘அறைந்து’ என்பதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு வேகத்துக்காகப் போட்ட சொல். பின்னால் என் காலையே வாரப்போகிறது.)

2

அண்ணனுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. தங்கை பல்செட் செய்யும் கூடத்தில் இருக்கிறாள். புருஷனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்து, அண்ணன் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறாள். கார் அவளுடையது, பல கை மாறி வந்தது.

சண்டைக்குக் காரணம் சொத்து என்று எழுதினேன். உடனே அடித்தேன். அண்ணன் தங்கைக்குச் சண்டை போட உலகத்தில் வேறு விஷயமே இல்லையா? கடைசியில் அடுப்படி அலமாரியில் வந்து நின்றது. கைக்கெட்டாத தட்டிலிருந்த டப்பாக்களைத் தங்கை கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தாள். அண்ணிக்கு அதில் சந்தோஷம்தான். அண்ணனுக்குத்தான் காலையில் காப்பித்தூள் அகப்படவில்லை.

“எதையெடுத்தாலும் மாத்தி மாத்தி வைக்கிறது! இது என்ன உன் வீடா?”

வாய் தவறி வந்ததுதான். ஆனால் நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால்? தங்கை மாடியேறிப் போய்ப் பெட்டி கட்டினாள். கூட வேலை செய்யும் தோழியின் அறைக்குப் போகிறாளாம். அவள் அழுத்தக்காரி. இன்றைக்குப் போனால் இந்த வாசற்படியை மறுபடி மிதிக்க மாட்டாள். அது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ரோஷத்தில் பெட்டிகளைத் தானே தூக்கிப் போட்டு டிக்கியைச் சாத்தினான்.

3

இப்போது இரண்டு பேரும் பேசித்தான் ஆக வேண்டும்.

“பேட்டரியா இருக்கும்,” என்றான் அண்ணன்.

“பேட்டரி போயிருந்தா செல்ஃபே எடுக்காது. சுத்துதுல்ல?”

“பெட்ரோல்?”

“நேத்துதான் போட்டேன்.”

“அப்ப பிளக்.”

“பிளக் எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?”

தெரியாது. இருந்தாலும் பானெட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்து நின்றான்.*

* பானெட்டைத் திறந்து பார்ப்பவர்களில் பாதிப்பேர், எஞ்சின் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள். நானும் அந்தக் கட்சி.

அண்ணி வாசலுக்கு வந்தாள். “வண்டிக்கே போக மனசில்ல. நீங்க ஏங்க தள்ளிவிடப் பாக்குறீங்க?”

(வசனம் கொஞ்சம் தூக்கல்தான். அடிக்கப் போனேன், அண்ணி முறைத்தாள். விட்டுவிட்டேன்.)

“கொஞ்சம் சும்மா இருங்க ரெண்டு பேரும்,” என்றாள் தங்கை. “சாவியப் பாதி திருப்புனதும் பின்சீட்டுக்கு அடியில ‘ஊம்’னு ஒரு சத்தம் வரணும். பெட்ரோல் ஏத்துற மோட்டார். கேக்குதா பாரு.”

அண்ணன் பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டான். சத்தமே இல்லை. ஃப்யூஸைப் பார்த்தார்கள். அது நன்றாகத்தான் இருந்தது.

4

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். மோட்டார் எரிந்துபோனது, தங்கை அழுதுகொண்டே வீட்டுக்குள் திரும்பினாள், சுபம் என்பதுதான் என் திட்டம். எதற்கும் கேட்டு வைப்போமே என்று எதிர்வீட்டுக்குப் போனேன். அவர் கார் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்ல சார். டிக்கிய ஓங்கிச் சாத்திட்டேன்,” என்றார்.

சில பழைய கார்களில் டிக்கியின் ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்குமாம். வண்டி எதிலாவது மோதினால், தீப்பிடிக்காமல் இருக்க, அது துள்ளி மேலே எழும்பிப் பெட்ரோலை நிறுத்திவிடும். ஓங்கி அறைந்தாலும் சில நேரம் ஏமாந்து போகும். திரும்ப அழுத்தினால் சரியாகிவிடும்.

அடப்பாவி! அப்படியானால் கோளாறை முதல் பகுதியிலேயே நான் வைத்துவிட்டேன், எனக்கே தெரியாமல்.

5

ஸ்பேனர் தேடி அண்ணன் டிக்கியைத் திறந்தான். பெட்டிகளை நகர்த்தியபோது ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் எழும்பி நின்றது. பக்கத்தில் சின்னப் படம்: சுவரில் மோதும் கார், கீழ்நோக்கி ஓர் அம்பு. அவனுக்குப் புரிந்துவிட்டது. டிக்கி மூடி மறைத்ததால் தங்கைக்கு அவன் முகம் தெரியவில்லை.

முடிவு அ: பேசாமல் அழுத்துகிறான். கார் கிளம்புகிறது. அவள் போய்விடுகிறாள். [நடக்கக்கூடியதுதான். என் மனசு கேட்கவில்லை.]

முடிவு ஆ: அழுத்தாமல் விடுகிறான். “இது இன்னிக்கு ஓடாதும்மா, உள்ள வா.” [எழுதும்போது இனித்தது. ஆனால் பொய் சொல்லி உட்காரவைத்த வீடு அவளுக்கு எப்படி]

முடிவு இ:

“கண்டுபிடிச்சுட்டேன்,” என்றான் அண்ணன்.

“என்னவாம்?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு. அடிபட்டுடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கு.”

“யாரு அடிச்சாங்களாம்?”

“நான்தான்.”

“டிக்கியையா?”



“டிக்கியையும்தான்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பொத்தானை அழுத்தினான். மூடியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சாத்திவிட்டு, ஓட்டுநர் ஜன்னலுக்கு வந்தான்.

“அந்த டப்பாவெல்லாம் கீழயே இருக்கட்டும்டி. நீ வெச்ச எடத்துலயே.”

6

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைப் பாதி திருப்பினாள். பின்சீட்டுக்கு அடியில் ‘ஊம்’ என்றது மோட்டார். மூவருக்கும் கேட்டது.

இன்னும் பாதித் திருப்பு பாக்கியிருக்கிறது. அதை நான் எழுத மாட்டேன். போ என்றோ இரு என்றோ அவளிடம் சொல்ல, இது என்ன என் வீடா?

சாவி உங்கள் கையில். திருப்புவதானால் திருப்புங்கள். உருவிக்கொண்டு இறங்குவதானால் இறங்குங்கள். எதுவானாலும் கதவை மட்டும் மெதுவாகச் சாத்துங்கள்.